டொக்டர், முதலில் எனக்குச் செய்யுங்கள்

என் மனைவியின் இடுப்பு வலிக்காகப் பதிந்துவைத்த முதல் சிகிச்சையை நானே பெற்றுக்கொண்டேன். இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

சாந்திக்கு அப்போது ஏழாம் மாதம். பத்து நிமிடம் கதிரையில் இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். படுத்தால் புரள முடியாது. கர்ப்பிணிகளுக்கு ஒஸ்டியோபதி செய்யும் டொக்டர் ஒருவர் கண்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். மருந்தில்லாமல், கையாலேயே தசையையும் மூட்டையும் இளக்குவார்களாம். மூன்று வாரம் காத்திருந்து நாற்பது நிமிடம் கிடைத்தது.

அந்த மூன்று வாரத்தில் நான் போனில் பதினேழு வீடியோக்கள் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் கழுத்தைத் திருப்பி ‘டக்’ என்று சத்தம் வரவைத்தார்கள். (ஒன்றுகூடக் கர்ப்பிணிகளுக்கானதல்ல. அதை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை.) இருபத்து மூன்று கேள்விகளைக் கொப்பியில் இலக்கமிட்டு எழுதிக்கொண்டு போனேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், பொறுமைசாலி. ஒன்பதாவது கேள்வி வரை பதில் சொன்னார்.

“முறிக்கிறது, நெரிக்கிறது ஒண்டும் இல்லை. கையை வைச்சு மெதுவாத்தான் செய்வன். பயப்பிடாதேங்கோ.”

“அப்படின்னா முதல்ல எனக்குச் செஞ்சு காட்டுங்க டொக்டர்.”

“என்னாங்க, வலி எனக்கு!” என்றாள் சாந்தி.

அதற்குள் நான் கட்டிலில் ஏறிவிட்டேன்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, டொக்டர் என் இடுப்பில் கையை வைத்தார். ஒன்றுமே நடக்கவில்லை. எனக்குக் கலவரம் கூடியது. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

‘டக்.’

“ஐயோ, ஒடைஞ்சிருச்சு!” என்று துள்ளி எழுந்தேன்.

பிஸ்கட் எடுத்துவிட்டுச் சாந்தி தன் கைப்பையை மூடிய சத்தம் அது. ஆனால் துள்ளிய துள்ளலில் என் முதுகு உண்மையாகவே பிடித்துக்கொண்டது. இருபத்து நான்காவது கேள்விக்குறியாக வளைந்து நின்றேன்.

என்னை நிமிர்த்தப் பார்த்ததிலேயே மிச்ச நேரம் போயிற்று. அடுத்த கர்ப்பிணி வாசலில் வந்து நின்றார்.

“அம்மா, உங்கட நேரம் முழுக்க இவர் எடுத்திட்டார். வாற புதன் வாங்கோ,” என்று சாந்தியிடம் சொன்ன டொக்டர், என்னைப் பார்த்துவிட்டு, “தனிய வாங்கோ,” என்றார்.

வீடு திரும்பும் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான இருக்கையிலிருந்து ஒரு பெண் சாந்திக்காக எழுந்தார்.

“நான் உக்காந்தா இன்னும் வலிக்கும். இவரு உக்காரட்டும்,” என்று என்னை அதில் அமர்த்தினாள் சாந்தி. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் குனிந்து கேட்டார்: “அண்ணே, எத்தனாவது மாசம்?”

அன்றைய நாட்குறிப்பில் ‘சிறு தடங்கல்’ என்று மட்டும் எழுதினேன்.

புதன்கிழமை சாந்தி தன் அக்காவுடன் போனாள். டொக்டர் சொன்னபடியே கையை வைத்து மெதுவாகத்தான் செய்தாராம். வந்தவள் மத்தியானம் இரண்டு மணித்தியாலம் அசையாமல் தூங்கினாள். வாரக்கணக்கில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அன்று வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் ஆடும் பல்லைப் பிடுங்கக் கூட்டிப்போனேன். பல் டொக்டர் கருவியை எடுத்ததும், “இது வலிக்காதா?” என்று நான் ஆரம்பித்தேன்.

மகள் வாயைத் திறந்தபடியே என் பக்கம் கையை நீட்டினாள்.

“டொக்டர், முதல்ல எங்க அப்பாவுக்குப் புடுங்குங்க. இல்லாட்டி நம்பமாட்டாரு.”

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.