முருகேஸ்வரி வீட்டுக் கூரையும் முப்பது நாள் சாப்பாடும்

இடுக்கி மலையில் மழை பெய்யும். அது இயற்கை. முருகேஸ்வரியின் அடுப்படிக்குள்ளும் மழை பெய்யும். அது போன ஆடியில் முறிந்து விழுந்த சில்வர் ஓக் கிளை செய்துவைத்த ஏற்பாடு. கூரையில் ஐந்து தகர ஷீட் போயிற்று. அடுப்புக்கு நேர் மேலே வானம்.

முருகேஸ்வரி ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். கணவன் பெரியமுத்து ஜீப் ஓட்டுகிறவன். பிள்ளைகள் மாரீஸ்வரி, சதீஷ். மழை பெய்தால் அடுப்பு அணையும். அடுப்பு அணைந்தால் நால்வரும் குடையை எடுத்துக்கொண்டு மேலே சாலை வளைவில் இருக்கும் ஏசுதாஸ் ஓட்டலுக்குப் போவார்கள். எங்கள் ஊரில் மழை வாரத்துக்கு ஆறு நாள். அந்தப் பரோட்டாவுக்குப் பயந்து பெரியமுத்துவின் வயிறு மழைக்கு முன்பே இடிக்கத் தொடங்கிவிடும். சதீஷ் இளைத்துக்கொண்டே வந்தான். அடுத்த மழைக்காலத்துக்குள் எப்படியும் ஐந்து ஷீட் வாங்கிவிட வேண்டும் என்று முருகேஸ்வரி பஞ்சாயத்தில் அபேட்சை எழுதிக் கொடுத்தாள்.

அபேட்சை போன நேரம் பார்த்து, பஞ்சாயத்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தது. மக்கள் வெளியில் அதிகம் சாப்பிடுகிறார்கள். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து உண்பது குறைந்ததால் பாசம் குறைகிறது. பாசம் குறைவதால் சமுதாயம் சீரழிகிறது. இந்தச் சீரழிவைத் தடுக்க எட்டு முறை யோகம் என்று கூட்டம் கூடினார்கள். எட்டு யோகத்துக்கும் ஏசுதாஸ் ஓட்டலிலிருந்துதான் பிரியாணி பார்சல் போனது. எட்டாவது பார்சல் பிரிந்தபோது ‘இல்லம்தோறும் இன்னமுது’ என்ற திட்டம் பிறந்தது. பஞ்சாயத்து மொழியில் பத்ததி.

பத்ததியின் சாரம் எளிமையானது. வீட்டில் சாப்பிடாத குடும்பத்துக்கு அடுப்படி எதற்கு? அடுப்படி வேண்டாத குடும்பத்துக்குக் கூரை எதற்கு? ஆகவே முப்பது நாள் வீட்டிலேயே குடும்பமாகச் சாப்பிட்டதாகச் சான்றிதழ் பெற்றவர்களுக்கே இனி ஷீட்.

பஞ்சாயத்துச் செயலாளர் மோகனசுந்தரம், பாலக்காட்டு நல்லேப்பிள்ளிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். தனி ஆள். மரியாதையில் அவரை மிஞ்ச முடியாது. இல்லை என்று அவர் சொன்னால், ஏதோ கொடுத்தார் என்ற நினைப்போடுதான் படியிறங்குவோம்.

“கூரை இல்லாமத்தான் சார் கடையில சாப்பிடுறோம்” என்றாள் முருகேஸ்வரி.

“கூரை வேணும்னா ஊட்டுல சாப்பிடோணுமுங்க.”

“மழை பேஞ்சா அடுப்பு அணைஞ்சுபோகுது சார்.”

அவர் உத்தரவை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். வருத்தத்தோடு மூடினார். “மழையப் பத்தி இதுல ஒண்ணுமே சொல்லலைங்க. நீங்க பெய்யாத மாதிரியே சமைச்சுக்கோங்க.”

பிறகு பயிற்சி வகுப்பு நடந்தது. எர்ணாகுளத்திலிருந்து வந்த ஓர் அம்மையார் வெண்ணெய்ப்பழத்தை நாலு விதமாக அறுத்துக் காட்டினார். சாப்பாட்டு மேசையில் பூச்சாடி இருந்தால் பசி பண்படும் என்றார். முருகேஸ்வரி வீட்டில் மேசை இல்லை. தரையில் பூச்சாடி வைத்தால் பசி பண்படுமா என்று கேட்டாள். ஆய்வு நடப்பதாகச் சொன்னார். கையேடு ஒன்று கொடுத்தார்கள். அதில் நான்காம் விதி, சாப்பிடும் இடத்தில் கைபேசி கூடாது. ஐந்தாம் விதி, சாப்பிடுவதைக் கைபேசியில் படமெடுத்து அப்போதே பஞ்சாயத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். இரண்டையும் மீறாமல் இருக்க, பக்கத்து வீட்டு பிலோமி வாசலுக்கு வெளியே நின்று இவர்களைப் படமெடுப்பது என்றும், பிலோமி வீட்டுக்கு முருகேஸ்வரி எடுப்பது என்றும் முடிவாயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, முருகேஸ்வரி மனசு வைத்தால் வைத்ததுதான். மாரீஸ்வரி தேங்காய் துருவினாள். சதீஷ் வெங்காயம் உரித்து அழுதான். அழுததற்குத் தனியாக ஒரு அப்பளம் வாங்கிக்கொண்டான். பெரியமுத்துவின் வேலை, அடுப்புக்கு மேலே குடை பிடிப்பது. குழம்பு கொதிக்கும்வரை அவன் கை இறங்கக்கூடாது. இறங்கினால் குழம்பு ரசமாகும். திங்களன்று கப்பைக்கிழங்கு மசியலும் மத்திக் குழம்பும். புதனன்று முருங்கைக்கீரை அடை. ஞாயிற்றுக்கிழமை, எல்லாருமாக மாவு பிசைந்து வீட்டிலேயே பரோட்டா போட்டார்கள். ஒன்று கூட வட்டமில்லை.

“இது என்னடா, இடுக்கி ஜில்லா மேப்பு மாதிரி இருக்கு?” என்றான் பெரியமுத்து.

“நீங்க குடையப் பிடிங்க” என்றாள் முருகேஸ்வரி. “ஜில்லா நனையுது.”

வயிற்றில் இடி நின்றது. சதீஷுக்குக் கன்னத்தில் சதை போட்டது. நால்வரும் ஒரே குடைக்குக் கீழே உட்கார வேண்டியிருந்ததால், பாசமும் விதிப்படி அதிகரித்தது.

அந்த முதல் வாரத்துப் படம்தான் ஒன்றும் ஏறவில்லை. எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. எடுத்து வைத்து அப்புறம் அனுப்பலாமென்றால் ஆப் ஒத்துக்கொள்ளாது. எடுத்த நிமிஷமே, எடுத்த இடத்தோடு போயாக வேண்டும். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மேலே வளைவு. அங்கேயும் ஏசுதாஸ் ஓட்டல் வராந்தாவில் மூன்றாவது பெஞ்சு.

மறுநாளிலிருந்து பெரியமுத்து குழம்புச் சட்டியும், மாரீஸ்வரி சோற்றுப் பானையும், சதீஷ் தட்டுகளும் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். பிலோமி படமெடுத்தாள். ஆப்பில் பச்சை டிக் விழுந்தது.

ஏசுதாஸ் முதல் நாள் முறைத்தார். இரண்டாம் நாள், என்ன குழம்பு என்று கேட்டார். மூன்றாம் நாள் பிலோமி குடும்பமும் பானையோடு வந்தபோது, கேட்க வேண்டியது குழம்பை அல்ல என்று அவருக்கு விளங்கிவிட்டது. வராந்தாவின் பின்சுவரில் ஃபிளெக்ஸ் ஒன்று கட்டினார். அதில் பளிங்கு அடுப்படி, கதவு இரண்டுள்ள ஃபிரிட்ஜ், ஒரு தட்டு ஆப்பிள், மூலையில் பூச்சாடி. அதற்கு முன்னால் உட்கார்ந்தால் யார் வீடும் வீடு மாதிரி இருந்தது. உட்காருகிற குடும்பம் ஆளுக்கொரு சாயா குடிக்க வேண்டும் என்பது மட்டும் ஏற்பாடு.

பத்து நாளில் நாற்பத்தொரு குடும்பம் வரிசையில் நின்றது. இவ்வளவு தூரம் ஏறுகிறோம், சோற்றையும் எதற்குச் சுமப்பது என்று சிலர் குழம்பை மட்டும் கொண்டுவந்தார்கள். பரோட்டா அங்கேயே வாங்கினார்கள். பிறகு சிலர் வெறும் பாத்திரம் கொண்டுவந்தார்கள். ஏசுதாஸ் அதில் பிரியாணி போட்டுக் கொடுத்தார். பாத்திரம் வீட்டுப் பாத்திரம்தானே. எங்கள் ஊர் அந்த மாதம் சாப்பிட்ட மாதிரி வெளியில் எப்போதும் சாப்பிட்டதில்லை. முருகேஸ்வரி மட்டும் முப்பது நாளும் பானை தூக்கினாள். கூரை வேண்டுமே.

முப்பத்தொன்றாம் நாள் மோகனசுந்தரம் சார் நேரில் சரிபார்க்க வந்தார். முருகேஸ்வரி அடுப்படிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள். வானம் அவர் வழுக்கையில் நாலு சொட்டு விட்டது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, நல்ல காற்றோட்டம் என்றார். பசி நேரம். தட்டு வைத்தாள். பெரியமுத்து குடை பிடித்தான். சார் மத்திக் குழம்புக்கு இரண்டு தரம் சோறு வாங்கினார். மாற்றலாகி வந்த பிறகு வீட்டுச் சாப்பாடு இன்றைக்குத்தான் என்று சொல்லித் தட்டை வழித்தார்.

கை கழுவிக்கொண்டு ஃபைலைத் திறந்தார்.

“ஏனுங்க, முப்பது நாளும் நீங்க வெளியில சாப்பிட்டதாத்தானுங்க ரெக்கார்டுல இருக்குது.”

“சிக்னலுக்காக மேல போனோம் சார். சமைச்சது இங்கதான்.”

“எங்க சமைச்சீங்கன்னு ஆப்பு கேக்கறதில்லீங்க. எங்க உக்காந்தீங்கன்னுதானுங்க கேக்குது.”

“இப்ப நீங்களே இங்க உக்காந்து சாப்பிட்டீகளே சார். நீங்களே சாட்சி.”

மோகனசுந்தரம் சார் ஃபைலை மூடினார். ஏப்பம் வந்ததை அடக்கிக்கொண்டார். “சாப்பிட்டேனுங்க. நல்லாவும் இருந்துச்சுங்க. ஆனா உங்க ஊடு எனக்கு வெளியிலதானுங்க? நான் சாட்சி சொன்னா, வெளியில சாப்பிட்டதுக்குத்தான் சாட்சி ஆகும்.”

சார் படியிறங்கினார். பெரியமுத்து குடையை மடக்கினான்.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. எல்லாப் படமும் ஒரே இடத்திலிருந்து ஏறியிருந்தது. ஓட்டலின் பின்னறையில் ஏசுதாஸ் குடியிருந்ததால் அந்தக் கட்டடத்துக்கு வீட்டு நம்பரும் இருந்தது. ஆகவே அந்த வீட்டில் நாற்பத்தொரு குடும்பம் ஒரே கூரையின் கீழ், பாசத்தோடு, தினமும் ஒன்றாக உண்பதாக ஆப் முடிவு செய்திருந்தது. ஜில்லாவிலேயே பெரிய கூட்டுக்குடும்பம். குடும்பத் தலைவர், ஏசுதாஸ். ஐந்து ஷீட்டும் அவர் அடுப்படிக்கு.

விழா நடந்தது. ஷீட் மாட்டினார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். யார் வீட்டு ஷீட் அது என்று எல்லாருக்கும் தெரியும். இலவசப் பிரியாணி என்றதால் கைதட்டினோம்.

பேச்சு முடிவதற்குள் மழை பிடித்தது. புது ஷீட் தடதடத்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்போது முருகேஸ்வரி வந்தாள். இடுப்பில் சோற்றுப் பானை. பின்னால் பெரியமுத்து, இந்தமுறை குடையில்லாமல், விறகுக் கட்டோடு. நேராக ஏசுதாஸின் அடுப்படிக்குள் போனாள். பிரியாணி அண்டாவை இறக்கி வைத்துவிட்டுத் தன் பானையை ஏற்றினாள்.

“ஏ முருகேஸ்வரி, என்ன இது?” என்றார் ஏசுதாஸ்.

“சமைக்கப்போறேண்ணே.”

“இது கடைம்மா.”

அவள் கல்லாவுக்கு மேலே தொங்கிய சான்றிதழைக் காட்டினாள். “ரெக்கார்டுல இதுதாண்ணே எங்க வீடு. நீங்கதான் குடும்பத் தலைவரு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அரிசி களையணும்.”

ஏசுதாஸ் மோகனசுந்தரம் சாரைப் பார்த்தார். சார் உத்தரவை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். வருத்தத்தோடு மூடினார்.

மறுநாள் பிலோமியும் பானையோடு போனாள். அப்புறம் நாற்பத்தொன்றும் போயிற்று. குடும்பத் தலைவர் குடும்பத்தாரிடம் சாயாவுக்குக் காசு கேட்க முடியவில்லை. இவர்கள் என் குடும்பமில்லை என்று ஏசுதாஸ் அபேட்சை கொடுத்திருக்கிறார்; முப்பது நாள் யாரும் அங்கே சாப்பிடவில்லை என்பதற்குப் படம் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் நல்ல கூரை உள்ளவர்களும் போகிறோம். யார் அடுப்பு முதலில் என்பதில் பாசம் அடிதடிவரை வளர்ந்திருக்கிறது. எங்கள் பஞ்சாயத்தில் வெளியில் சாப்பிடுவோர் எவருமில்லை என்று மோகனசுந்தரம் சார் மேலே அறிக்கை அனுப்பிவிட்டார்.

முருகேஸ்வரியின் அடுப்படியில் இப்போதும் ஒழுகுகிறது. அதற்காக மறுபடி பஞ்சாயத்துக்குப் போய்க் கேட்டாள். ரெக்கார்டுப்படி அந்த வீட்டில் யாரும் குடியில்லையாம்.