வாசலில் தொங்கிய துடைப்பம் குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

ஹோஹென்ரெப்பாக்,
நெக்கர் ஆற்றங்கரை.
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஹின்ரிக் யான்சென் அவர்களுக்கும் வீப்கே அம்மையாருக்கும்,

யூடித்தின் தகப்பன் எர்வின் ராப் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். முழங்கால்கள் எப்படி இருக்கின்றன? என் வாசலிலிருந்து அடுத்த ஊருக்குப் போகிற மேடு சாதாரண மேடு அல்ல. உள்ளூர் ஆட்களே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். அதில் உங்கள் இருவரையும் ஏற்றிவிட்டேன் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு உங்களை விரட்டிய கிழவன் பைத்தியக்காரன் அல்ல, அவன்தான் உங்கள் சம்பந்தி. இது உங்களுக்கு ஆறுதலான செய்தியா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் துடைப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குற்றவாளி அதுதான். உங்கள் கடலோரத்தில் துடைப்பம் என்றால் பெருக்குவதற்கு. எங்கள் பக்கம் அதற்கு இரண்டு வேலை. பெருக்குவது ஒன்று; சனிக்கிழமை தன் வாசலையும் வாசலுக்கு முன்னால் இருக்கும் தெருவையும் பெருக்காதவன் செத்தால்கூட இங்கே எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, திராட்சைத் தோட்டக்காரன் வாசலுக்கு மேலே துடைப்பத்தை மாட்டினால், இந்த வீட்டில் சொந்த ஒயின் உண்டு, சாப்பாடும் உண்டு, கூடத்தில் வந்து உட்காரலாம் என்று பொருள். பலகை கிலகை ஒன்றும் கிடையாது. மாட்டினால் கடை, இறக்கினால் வீடு. என் மனைவி லோரே இருந்தவரைக்கும் இலையுதிர் காலத்தில் நாங்களும் மாட்டினோம். அவள் போன பிறகு நிறுத்திவிட்டேன். வருகிறவர்களை உபசரிப்பது அவள் வேலை, விரட்டுவது என் வேலை. என் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்த முடியவில்லை. கொக்கியை மட்டும் கழற்றாமல் விட்டுவிட்டேன், கழற்றுவானேன், நல்ல இரும்பு.

போன மாதம் யூடித் போனில் கூப்பிட்டாள். “அப்பா, தோர்பெனோட அப்பா அம்மா சைக்கிள்லயே வராங்க. ஆத்தங்கரை ஓரமா, திராட்சைத் தோட்டம், பழைய ஊருங்க, கோயில் கோபுரம் எல்லாம் நின்னு நின்னு பாத்துக்கிட்டு நிதானமா வருவாங்க. சனிக்கிழம மத்தியானம் நம்ம வீட்ல எறங்குவாங்க. இந்த ஒரு தடவ மட்டும் யாரையும் வெரட்டாதீங்க. எனக்காகப்பா” என்றாள். எனக்காக என்று அவள் கேட்பது அபூர்வம். நான் உடனே சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். இதற்கு முன்னால் ஒரு பையனை அழைத்து வந்தாள். நான் பெருக்கி முடித்த இடத்தில் அவன் ஆப்பிள் கொட்டையைத் துப்பினான். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவனும் திரும்ப வரவில்லை, யூடித்தும் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை. தனியாக உட்கார்ந்து வாத்துக்கறி தின்பது எவ்வளவு கொடுமை என்று தின்றவனுக்குத்தான் தெரியும். ஆகையால் இந்த முறை வாயைத் திறப்பதில்லை, என்ன நடந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்வது என்று சத்தியம் செய்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை தெருவைப் பெருக்கினேன். உங்களுக்காக மறுபடியும் பெருக்கினேன். பிறகு துடைப்பத்தையே கழுவினேன், சம்பந்தி வரும்போது துடைப்பம் அழுக்காக இருக்கலாமா? கழுவியதைக் காய வைக்க வேண்டும். வெயில் வாசலில்தான் அடித்தது. என் நினைப்பெல்லாம் அடுப்பில் இருந்த வெங்காய கேக்கின் மேல், கை தன் பாட்டுக்குப் போய் அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்துவிட்டது.

கேக் வெந்து முடியவில்லை, அதற்குள் நாலு பேர் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார்கள். முகம் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். யூடித் காட்டிய படத்தில் நீங்கள் இருவரும் கடற்கரையில் மழைக் கோட்டு போட்டு நிற்கிறீர்கள். அடித்த காற்றில் தலைமறைப்பு முகத்தில் விழுந்து, வெளியே தெரிந்தது இரண்டு மூக்குகள்தான். இந்த நால்வருக்கும் மூக்கு இருந்தது. இருவர்தானே வர வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது, சரி, பெண் வீட்டைப் பார்க்க சித்தப்பா சித்தியையும் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் போட்டிருந்த கால்சட்டையைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. என் வயது மனிதர்கள், தொடையில் சாயம் பூசிக்கொண்ட மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கண்ணை அவர்கள் ஹெல்மெட்டில் நிறுத்திக்கொண்டு கை குலுக்கினேன்.

“உள்ள எடம் இருக்கா?” என்று கேட்டார் சிவப்பு ஹெல்மெட்காரர்.

“உங்களுக்கு இல்லாத எடமா” என்றேன். இந்த வாக்கியம் என் வாயிலிருந்து வருவதை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன்.

உள்ளே வந்ததும் நாலு பேரும் சைக்கிள் பேட்டரியைக் கழற்றி என் சுவரில் சொருகிவிட்டார்கள். மின்சார மீட்டர் ஓடுகிற ஓட்டம் என் நெஞ்சுக்குள் கேட்டது. கூட வந்த பெண்மணி உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, “பழைய வீடு போல. மரத்த பூச்சி கீச்சி அரிச்சிருக்கா?” என்றார். வந்து உட்காரவில்லை, அதற்குள் சொத்தை எடை போடுகிறார்களே என்று திகைத்துப் போனேன். “சாப்பிட என்னென்ன இருக்கு?” என்றார். எங்கள் பக்கத்தில் விருந்தாளி அப்படிக் கேட்க மாட்டான். வடக்கே வழக்கம் வேறு போலிருக்கிறது என்று கறி அடைத்த மாவுப்பைகள், உருளைக்கிழங்கு சாலட், வெங்காய கேக் என்று ஒப்பித்தேன். “எல்லாத்துலயும் நாலு” என்றார். கொண்டு வந்து வைத்தேன். இரண்டாம் தடவையும் கேட்டார்கள், அதையும் வைத்தேன்.

இனிமேல் எழுதப் போவதுதான் என்னால் தாங்க முடியாதது. யூடித் பிறந்த வருஷத்து அறுவடையில் நானும் லோரேவும் பன்னிரண்டு பாட்டில் சிவப்பு ஒயினை நிலவறையில் தனியாக எடுத்து வைத்தோம். அவள் கல்யாணத்தன்றுதான் திறப்பது என்று பேச்சு. சம்பந்தி முதன்முதலில் வீட்டுக்கு வந்திருக்கும்போது இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது என்று மூன்று பாட்டிலை மேலே கொண்டு வந்து திறந்தேன். சிவப்பு ஹெல்மெட்காரர் ஒரு வாய் குடித்தார். “நல்லாத்தான் இருக்கு. லெமன் சோடா இருந்தா கலந்து குடுங்களேன், வெயில்ல வந்திருக்கோம்.” சம்பந்தி அவர்களே, முப்பத்து மூன்று வருஷம். லெமன் சோடா. லோரே படத்தைத் திருப்பி வைத்துவிட்டுக் கலந்து கொடுத்தேன். யூடித்துக்காக.

அதன் பிறகு எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசினேன். “நம்ம யூடித்தப் பத்தி நானே சொல்றது நல்லாருக்காது” என்று ஆரம்பித்தேன்.

“யூடித்தா? அது எப்படி, இனிப்பா?” என்றார் அந்தப் பெண்மணி.

“மொதல்ல கொஞ்சம் காரமாத்தான் தெரியும். பழகப் பழக இனிப்பு.”

“எந்த வருஷம்?”

“தொண்ணூத்தொண்ணு.”

“அவ்ளோ பழசா? இன்னும் தாங்குமா?”

என் மகளைப் பார்த்து. என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு. எனக்குக் காதெல்லாம் அடைத்துவிட்டது. பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்து எதிர்வீட்டு ஹெட்விக் ஜன்னலில் தலையை நீட்டினாள். “ஏம்ப்பா எர்வின், எப்பலேந்து மறுபடி கடை? சொல்லவே இல்லையே.”

“கடையும் இல்ல ஒண்ணும் இல்ல. சம்பந்தி வந்திருக்காங்க, கத்தாத” என்றேன்.

“சம்பந்தி வந்ததுக்கா தொடப்பத்த மாட்டி வெச்சிருக்க?”

எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. இனி ஊரில் உள்ள சைக்கிள்காரன் எல்லாம் உள்ளே வந்து சம்பந்தி மடியில் உட்காருவானே என்றுதான் அப்போதும் எனக்குப் பயம். ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடுங்கினேன். சரியாக அந்த நொடியில்தான் நீங்கள் இருவரும் ஊரின் பழைய கோட்டை வாசலைத் தாண்டி வந்து, நான் இரண்டு முறை பெருக்கிய இடத்தில் சேற்றுச் சக்கரத்தை நிறுத்தினீர்கள்.

“மொயின்” என்றீர்கள் நீங்கள். “நாங்க வந்து...”

“நீங்க வந்த வரைக்கும் போதும். இது கடை இல்ல, மனுஷன் குடியிருக்கிற வீடு. கெளம்புங்க.”

அம்மையார் கூடையிலிருந்து நீல ரிப்பன் கட்டிய ஒரு டப்பாவை எடுத்தார். “இல்லைங்க, ஒரு நிமிஷம்...”

“அந்த ஒரு நிமிஷமும் இல்ல. பெருக்கின எடத்துலேந்து டயர எடுங்க.” இதைச் சொல்லும்போது துடைப்பம் என் தலைக்கு மேலே இருந்தது என்று ஹெட்விக் சொல்கிறாள். அவள் இதில் பொய் சொல்ல மாட்டாள், மற்றதில் சொல்வாள்.

திரும்பி உள்ளே வந்தால் நால்வரும் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு கிளம்ப எழுந்துவிட்டார்கள். “வருஷா வருஷம் மன்ஹைம்லேந்து எங்க சைக்கிள் சங்கம் வருது, இப்படி ஒரு கவனிப்ப எந்தத் தொடப்பக்கடையிலயும் பாத்ததில்ல” என்று முதுகில் தட்டினார் சிவப்பு ஹெல்மெட்காரர். “அந்த யூடித்துன்னு சொன்னீங்களே, அதுல ஒரு பாட்டில் பொட்டலம் கட்டிக் குடுங்க.” காசையும் நீட்டினார். பாட்டிலும் தரவில்லை, காசும் வேண்டாம் என்றேன். எங்கள் ஸ்வாபியாச் சீமைக்காரன் ஒருவன் நீட்டிய காசை வேண்டாம் என்று சொன்னால் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது என்று அர்த்தம்.

அவர்கள் போன பிறகுதான் என் தலையில் இடி இறங்கியது. மொயின். இந்த ஊரில் வணக்கத்துக்கு யார் மொயின் என்று சொல்கிறான்? உங்கள் கடலோரத்தில்தான் சொல்வார்கள். அந்தக் கூடையில் இருந்தது உங்கள் கடலோரத்தார் பரிசாகக் கொண்டுபோகும் தேயிலை டப்பாவாகத்தான் இருக்கும். வீட்டுச் செருப்போடு கோட்டை வாசல்வரை ஓடினேன். சாலையில் யாரும் இல்லை. ஊர் பேர் தெரியாதவனுக்கு மகள் கல்யாண ஒயினைச் சோடா கலந்து ஊற்றிவிட்டு, உரியவர்களைத் துடைப்பத்தால் வழியனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமையிலிருந்து யூடித் போன் அடித்துக்கொண்டே இருக்கிறாள். எடுக்கத் தைரியமில்லை.

சம்பந்தி அவர்களே, என்மேல் என்ன கோபம் வேண்டுமானாலும் படுங்கள். என் மகள்மேல் காட்டாதீர்கள். அவள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள், என்னைக் கொண்டு அல்ல. தோர்பெனின் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் மாறுகிறது, அதை நான் போனிலேயே கேட்டிருக்கிறேன். அந்தக் குரலை நான் கெடுத்துவிட்டேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எதற்கும் நான் இப்படிப் பயந்ததில்லை.

உங்கள் இல்லத்தில் தேநீர் என்றும் சூடாக இருக்கவும், உங்கள் சைக்கிளுக்கு எப்போதும் பின்காற்று வீசவும், பிள்ளைகள் இருவரும் நூறாண்டு சேர்ந்து வாழவும் வேண்டுகிறேன்.

தலைகுனிந்த சம்பந்தி,
எர்வின் ராப்

பின்குறிப்பு: உறையில் தபால்தலையை ஒட்டிவிட்டு மூடப் போகும்போது மறுபடியும் போன் அடித்தது, கை தவறி எடுத்துவிட்டேன். யூடித்தான். “எத்தன தடவப்பா அடிக்கறது? வர சனிக்கிழம தோர்பெனோட அப்பா அம்மா வராங்களே, ஞாபகம் இருக்கான்னு கேக்கத்தான். இன்னிக்குதான் சைக்கிளுக்குக் காத்தே அடிக்கறாங்களாம்” என்றாள். நாட்காட்டியில் ஒரு வாரம் முந்திய சனிக்கிழமையில் வட்டம் போட்டிருக்கிறேன். ஆக நான் ஊட்டியதும் யாரையோ, விரட்டியதும் யாரையோ. உங்களுக்கு இதுவரை என்னால் ஒரு தீங்கும் நேரவில்லை. ஆகவே மேலே எழுதியது எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம், முக்கியமாக யூடித்திடம் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை வாசலில் துடைப்பம் தொங்கினாலும் தொங்காவிட்டாலும் நேரே உள்ளே வாருங்கள். ஒன்பது பாட்டில் மீதி இருக்கிறது. லெமன் சோடாவும் வாங்கி வைத்துவிட்டேன், கலக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் தபால்தலை நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது, ஆவி காட்டியும் வரவில்லை.