பச்சைச் சீட்டு கேட்ட சம்பந்தியம்மா

மஹல்லா, செவ்வாய்க்கிழமை

இஸ்மாயிலியாவில் மனைவி மக்களோடு நலமாக வாழும் அன்பு மச்சான் அஸ்மிக்கு, உம் தங்கையைக் கட்டிக்கொண்டு இன்றுவரை பொறுமை காக்கும் ஷுக்ரி ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே என்னைத் தவிர அனைவரும் சுகம்.

மச்சான், என் மகள், உம் மருமகள் நிஸ்ரின் கல்யாணம் ஒரு ஃபிரிட்ஜில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் ஃபிரிட்ஜ் வாங்கினால் கதவைத் திறந்து பார்ப்போம், மூடிப் பார்ப்போம், வண்டியில் ஏற்றுவோம். இப்போது அதன் நெற்றியில் ஒரு சீட்டு. கரண்டை அளவாகக் குடித்தால் பச்சையில் ‘ஏ’, மொடாக்குடியனாக இருந்தால் சிவப்பில் ‘ஈ’. நல்ல யோசனைதான், கரண்ட் பில் குறையும். ஆனால் நம்மூரில் பெண்வீட்டுச் சாமான் திறந்த வண்டியில் மேளதாளத்தோடு தெருத்தெருவாகப் போகிறதே, அங்கே பில்லையா பார்க்கிறார்கள்? பச்சையைத்தான் பார்க்கிறார்கள். பச்சை இல்லாவிட்டால் பெண்ணின் அப்பன் கஞ்சப்பிசினாரி. ஊரே பச்சைக்கு அலைவதால் கடைக்கார தாஹா விலையைக் கூரைமேல் ஏற்றிவிட்டான். “ஏம்ப்பா, போன வருஷம் இதே பெட்டி பாதி விலைதானே?” என்றேன். “பெட்டி அதேதான் மாமா. இப்போ பட்டம் வாங்கிடுச்சு, சம்பளம் கூடக் கேக்காதா?” என்கிறான் படுபாவி. “அப்போ சிவப்பு?” “அதைச் சீந்த ஆளில்லை. நீங்க எடுத்தா நாற்காலி இலவசம்.”

சிவப்பையே எடுத்தேன். நாற்காலியையும் எடுத்தேன். தாஹா டீ சொல்லப் போன நேரத்தில், பக்கத்தில் நின்ற ஏதோ ஒரு மிஷினிலிருந்து பச்சைச் சீட்டை நைசாக உரித்து வந்து, வீட்டில் சிவப்பின் மேல் ஒட்டினேன். நிறத்தைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை, மூக்குக்கண்ணாடி வீட்டில் எங்கே என்று உம் தங்கையைத்தான் கேட்க வேண்டும்.

நேற்றுச் சாமான் ஊர்வலம். மாப்பிள்ளை வஜீஹின் அம்மா ஹாஜியம்மா இன்ஷிராஹ் தெருமுனையில் வண்டியை மறித்து, ஃபிரிட்ஜை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஊர் கேட்க வாசித்தாள். “‘ஒரு தடவைக்கு எட்டுக் கிலோ துணி’ன்னு போட்டிருக்கே சம்பந்தி! உங்க ஃபிரிட்ஜ் துணி துவைக்குமா?” மேளம் நின்றுவிட்டது. “புது மாடல், ஹாஜியம்மா” என்று உளறினேன். “அப்போ கீரையைப் போட்டா அலசிப் புழிஞ்சு குடுக்குமோ?” தெருவே சிரித்தது. “இவரையும் உள்ள போட்டு ஒரு அலசு அலசுங்க!” என்று கத்தினாள் உம் தங்கை. அவளே அப்படிச் சொன்னால் நான் எங்கே போவேன்?

“வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். அசல் பச்சை இல்லேன்னா நிக்காஹும் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் ஹாஜியம்மா. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய நிஸ்ரின் சாப்பிடக்கூட வரவில்லை. அந்தப் பையன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் மச்சான்.

ஆகவே உம் வீட்டு அசல் பச்சை ஃபிரிட்ஜை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். உம் மனைவி கேட்டால் ரிப்பேருக்கு என்று சொல்லும். உள்ளே இருக்கும் சாப்பாட்டை எடுத்துவைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உம் வீட்டில் பரக்கத் பெருகட்டும், கரண்ட் பில் சிறுகட்டும், பிள்ளைகளுக்கு நல்ல சம்பந்தம் அமையட்டும்.

இப்படிக்கு,
ஷுக்ரி

பின்குறிப்பு: ஃபிரிட்ஜை இறக்கி வையும், வேண்டாம். தபாலில் போடும் முன், திரைச்சீலை மாட்ட மணமக்கள் குடியேறப்போகும் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் வாங்கிய ஏசி பளபளவென்று பச்சைச் சீட்டோடு சுவரில் இருந்தது. இந்தத் தடவை கண்ணாடி போட்டு வாசித்தேன். ‘ஃபிரீசர், தொண்ணூறு லிட்டர்’ என்றிருந்தது. “உங்க ஏசி ஐஸ்கட்டியும் போடுமா, சம்பந்தி?” என்று அங்கே நின்ற ஹாஜியம்மாவைக் கேட்டேன். ஊர் காதில் விழாமல் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளிக்கிழமைச் சோதனை ரத்து, அன்றைக்கே நிக்காஹ். என்னை வழியனுப்ப வந்தவள் படியில் நின்று மெதுவாகக் கேட்டாள்: “நீங்க என்ன பசை போட்டு ஒட்டினீங்க சம்பந்தி? என்னுது ஓரமெல்லாம் உரியுது.”