அப்பா தண்ணீர் ஊற்றிய கிருமிகள்

நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியது ஒரே ஒரு வார்த்தை. "சாயம்." அதைவிடப் பெரிய பொய்களை எல்லாம் கூசாமல் சொல்லித் தப்பித்தவள், இந்த ஒற்றை வார்த்தையில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுப்பது அவர் தொழில். நான் தினமும் பஸ் பிடித்து மெட்ராஸ் போய் மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒழுங்காகப் பாஸ் செய்தால் வேலையா கல்யாணமா என்று நான் முடிவு செய்யலாம். தவறினால் முடிவு அவருடையது. (அவர் முடிவு என்னவென்று ஜாதகக் கட்டு எடுத்துவந்த தரகருக்குக்கூடத் தெரியும்.)

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது ஆர்க்கியா. ஒற்றைச் செல் உயிர். பார்க்க பாக்டீரியா மாதிரி இருக்கும், ஆனால் பாக்டீரியா இல்லை. மனிதன், மரம், மீன் எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பூமியில் குடியேறிய பரம்பரை. கொதிக்கிற ஊற்று, அமிலக் குட்டை என்று வேறு யாரும் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடிப்போய்க் குடித்தனம் நடத்தும். என்னுடையது உப்பு ரகம். மரக்காணம் உப்பளத்திலிருந்து தோழி கொண்டுவந்த கல்லுப்பில் பிடித்தது. லிட்டருக்குக் கால் கிலோ உப்பு போட்டால்தான் அதற்கு வாழ்க்கையே ருசிக்கும். வளர வளரத் தண்ணீர் அழகான ரோஸ் நிறமாக மாறும்.

அதற்குக் கதகதப்பு வேண்டும். கல்லூரியில் இருந்த ஒரே சூட்டுப் பெட்டியை எட்டுப் பேர் பங்கு போட்டு, நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் என் மூளை பளிச்சென்று வேலை செய்தது. எங்கள் பட்டறையில் அண்டா அடுப்புக்கு மேலே ஒரு பரண் உண்டு. சூடு பதமாக இருக்கும். ப்ராஜெக்டை மேற்பார்த்த மேடத்திடம் கெஞ்சி அனுமதி வாங்கி (ஆளை ஒன்றும் செய்யாத கிருமி என்று அவரே சொன்னார்) மூன்று பாட்டில்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றையாவது கல்லூரியில் விட்டுவந்திருக்கலாம். மேதைகளுக்கு அதெல்லாம் தோன்றுமா!

வாசலிலேயே அம்மா மறித்தார். "இன்னாடி அது பாட்டில்ல?"

கிருமி என்று சொன்னால் பாட்டிலோடு நானும் தெருவில்தான். ஓர் ஈ உட்கார்ந்ததற்காக வாசல் வரை பினாயில் ஊற்றிக் கழுவுகிறவர் அவர். "சாயம்மா. காலேஜ்ல செஞ்சது" என்றேன். அம்மா நகர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் கலர்த் தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மூன்று மாதம் வளர்த்தேன். தினமும் பரண் ஏறி அவற்றிடம் நலம் விசாரிப்பேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் வந்தது. வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளருக்கு உயிரோடு காட்ட வேண்டும். அன்று மாலை வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தால், காலி. மூன்று பாட்டிலும் பளபளவென்று கழுவித் துணி துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"அப்பா! என் பாட்டிலு!"

அப்பா சிரித்த முகத்தோடு வந்தார். "பட்டுக் கடைக்காரர் ஒருத்தர் முகூர்த்தப் பொடவைக்கு ரோஸும் இல்லாம செங்கல்லும் இல்லாம ஒரு கலர் கேட்டுக்கினே இருந்தாருமா. நானும் பத்து நாளா கலக்கிக்கினு கீறேன், வரல. இன்னிக்குப் பரண்ல பாத்தா அதே கலர்! எம்பொண்ணு செஞ்ச சாயம்னு கடைக்காரர்கிட்ட காட்டலாம்னு..."

"காட்டலாம்னு?"

"நாக்குல வெச்சுப் பாத்தேன்."

"நாக்குலயா!"

"ஒரே உப்பு. ஜாஸ்தி போட்டுட்டேமா நீ. அதான் மூணையும் சட்டில ஊத்தி நல்ல தண்ணி விட்டேன்."

சாயக்காரர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார். உப்புத் தண்ணீர் பட்டுக்கு ஆகாது என்று நல்ல தண்ணீர்க் கிணறாகத் தேடி வெட்டிய குடும்பம் எங்களுடையது. கோடிக்கணக்கான வருடங்கள் எதற்கும் அசையாத என் கிருமிகளுக்கோ நல்ல தண்ணீர்தான் எமன். உப்பு குறைந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து, உப்பி, வெடித்துச் செத்துவிடும்.

"ஊத்தின ஒடனே கஞ்சி மாதிரி கொழகொழன்னு ஆயிட்ச்சு. நூல்ல ஒட்டவே இல்ல" என்றார் அப்பா. "இன்னா சாயம்மா செஞ்சே?"

நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கத்தினேன். சாயமில்லை, உயிர், என் பட்டம், எல்லாம் போச்சு என்றேன். அம்மாவுக்கு அதில் ஒரு விஷயம்தான் காதில் விழுந்தது. "கிருமியா? அதையா நாக்குல வெச்சீங்க?" என்று அப்பாவை வாய் கொப்பளிக்கக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பொய் சொன்னவள் நான். பட்டினி கிடந்தவர் அவர். வெட்கமாக இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அவ்வளவு கோபம்.

காலையில் பார்த்தால் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு தூக்குச் சட்டியோடு பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதற்கு என்று கேட்டேன்; அவர் கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினார்.

வைவாவில் தேர்வாளர் என் நோட்டைப் புரட்டினார். படங்கள் சரி, கணக்குகள் சரி. "உயிர் எங்கே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், வெளியே நின்றிருந்த அப்பா கதவைத் திறந்துகொண்டு நுழைந்தார்.

"நான்தான் சார் சாவடிச்சேன். பொண்ணு மேல தப்பு இல்ல. பொணம் இதுல இருக்குது, பாத்துக்கோங்க." தூக்கை மேசைமேல் வைத்தார்.

எனக்கு அந்த மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. தேர்வாளர் முழுக் கதையையும் அப்பாவிடமே கேட்டார். பிறகு ஒரு கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டு மெல்லத் தூக்கினார். வழவழவென்று மெல்லிய இழையாக நீண்டுவந்தது.

அப்பா கண்ணை விரித்தார். "இன்னா சார், நூலா வருது!"

"அது உங்க பொண்ணு வளர்த்த உயிரோட டி.என்.ஏ. செல் வெடிச்சு வெளிய வந்திருக்கு." என்னைப் பார்த்தார். "நல்ல தண்ணியில வெடிக்குதான்னு பார்க்கிறதுதான் இந்த ரகத்துக்கு முக்கியமான சோதனை. நோட்டுல அது இல்லையே, ஏன் செய்யலை?"

"செத்துடுமேன்னு மனசு வரலை சார்."

"இவருக்கு வந்திருக்கு" என்றவர், அந்தச் சோதனையை அங்கேயே எழுதித் தரச் சொன்னார். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாஸ்.

திரும்பும் பஸ்ஸில்தான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வேலைக்குப் போறேன்பா" என்று என் முடிவையும் சொன்னேன். "போ. மொதல்ல பாட்டில்ல லேபிள் ஒட்டக் கத்துக்கோ" என்றார்.

இன்று நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் பொண்ணு என்ன படிச்சிருக்கு என்று அவர்கள் கேட்கும்படி பேச்சை எப்படியாவது திருப்பிவிடுவார். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார்:

"எம்.எஸ்ஸி. அவ வளத்தா, நான் கொன்னேன். ரெண்டு பேரும் பாஸ்."