நான் போட்ட சைக்கிள் ரோடு

வரைபடத்தில் கோடு போடுகிறவன், அந்தக் கோட்டின் மேல் ஒரு தடவையாவது சைக்கிள் மிதித்துப் பார்த்துவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலையை மட்டும் ஆட்டியிருப்பேன். (அப்போது எனக்கு நன்றாக வந்த ஒரே வேலை அதுதான்.)

எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் படம் வரைகிற தற்காலிக வேலை எனக்கு. பந்தல்குடிப் பக்கமிருந்து தறி வேலைக்குச் சைக்கிளில் வருகிறவர்கள், தூத்துக்குடி ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கியே பாதி உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று கண்மாய்க்கரை, வண்டிப்பாதை வழியாக, இரண்டு பக்கமும் வேம்பும் புங்கையும் நட்டு, டவுன் வரைக்கும் தனியாக ஒரு சைக்கிள் பாதை போடலாம் என்று எங்கள் அதிகாரிக்கு ஒரு யோசனை. நல்ல மனிதர், நல்ல யோசனை. அதை என்னிடம் கொடுத்ததுதான் தப்பு.

"இதை ஒழுங்கா முடிச்சுக் குடுப்பா. உன் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதுறேன்" என்றார்.

பந்தல்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவரின் மகள் செல்வியை அப்போது எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை நிரந்தரமானால் கல்யாணம், இல்லாவிட்டால் அவரவர் வழி என்று பேச்சு. எனக்குச் செல்வியை மிகவும் பிடித்திருந்தது.

ஊர் ஊராகப் போனேன். முதல் ஊரில் மோர் கொடுத்தார்கள். "தம்பி, நம்ம அய்யனார் கோயில் பக்கமா திருப்பிவிடுங்க. நாலு பேரு கும்புட்டுட்டுப் போவாக" என்றார் பூசாரி. மோரைக் குடித்துவிட்டு முடியாது என்று எப்படிச் சொல்வது? திருப்பினேன். அடுத்த ஊரில், "அவுகளுக்குக் கோயில்னா எங்களுக்கு ரேஷன் கடை" என்றார்கள். அதற்கும் திருப்பினேன். ஒரு சம்சாரி, "மரம் வச்சா நெழலு விழுந்து பருத்தி காய்க்காது. பக்கத்துப் புஞ்சையில போட்டுக்கங்க" என்றார். பக்கத்துப் புஞ்சைக்காரர் இவருடைய புஞ்சையைக் கை காட்டினார். இரண்டையும் சுற்றிக்கொண்டு போனேன்.

கடைசியாகச் செல்வியின் அப்பா கேட்டார். "நம்ம கடைப் பக்கம் வராதா மாப்ளே?"

அவர் என்னை மாப்ளே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அடுப்படி வழியாகக் கேட்டிருந்தாலும் விட்டிருப்பேன். அவர் கடை ஊரின் மறுகோடியில் இருந்தது, அதற்கென்ன.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் அதிகாரி. அதற்கும் தலையை ஆட்டினேன். சித்திரை மாதக் காலையில் பந்தல்குடி பஸ் நிறுத்தத்திலிருந்து கிளம்பினோம். அதிகாரி, நான், தறிக்காரர் ஒருவர். "மாப்ளை போட்ட ரோட்டைப் பாக்கணும்ல" என்று கடைச் சைக்கிளில் செல்வியின் அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

அய்யனார் கோயில் தாண்டும்போதே சீமைக்கருவேல முள்ளில் அதிகாரியின் டயர் போனது. ரேஷன் கடை வருவதற்குள் எல்லோருடைய டயரும் போய்விட்டது. தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"நிழல் எங்கப்பா?" என்றார் அதிகாரி.

"இன்னும் நடலைங்க சார்."

புஞ்சைகளைச் சுற்றி முடித்து, நாக்கு வறண்டு, ஒரு வழியாகத் தண்ணீர்த் தொட்டி ஒன்று கண்ணில் பட்டது. "டவுன் வந்துருச்சா?" என்றார் அதிகாரி. தறிக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இது பந்தல்குடிங்க சார்."

"எந்தப் பந்தல்குடி?"

"காலையில நாம கெளம்புன பந்தல்குடிதாங்க."

அதிகாரி கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். செல்வியின் அப்பா கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். கலரைக் குடித்துவிட்டும் முடியாது என்று சொல்லத் தெரிந்த மனிதர் அதிகாரி. "நாளையிலருந்து நீ வர வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பாதை இன்றுவரை வரவில்லை. சைக்கிள்காரர்கள் இன்னும் லாரிக்கு ஒதுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அழுகை வந்தது. அதற்குக்கூடத் தெம்பில்லை. "வேலை போயிருச்சு. பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கங்க" என்றேன் செல்வியின் அப்பாவிடம்.

அவர் டயரிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "பூசாரி கேட்டாருன்னு திருப்புனீக. நான் கேட்டேன்னு ரோட்டையே ஊருக்குத் திருப்பிக் கூட்டியாந்துட்டீக" என்றார். பிறகு உள்ளே இருந்த மனைவியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தா, இவுகளுக்கு யாரு கேட்டாலும் மாட்டேன்னு சொல்ல வராது. நம்ம புள்ள பொழச்சுக்கிருவா. கல்யாணத்துக்கு நாள் பாக்கச் சொல்லு."

அன்றைக்கு அந்தக் கடையில் நிற்க ஆரம்பித்தவன், இன்னும் நிற்கிறேன். செல்வி கறிவேப்பிலை வாங்க அனுப்பினால், வழியில் பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு வேலை சொல்கிறார்கள். எல்லாவற்றையும் செய்துவிட்டு வீடு சேர இருட்டிவிடுகிறது. உடம்பு அசந்துபோகிறது. யாராவது என்னைத் தேடி வந்தால், "அப்பா அவுக போட்ட ரோட்டுல வாராக" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

செல்வி மட்டும் உலையை இறக்கிவைத்துவிட்டுச் சொல்வாள். "வரட்டும். எங்கிட்டுச் சுத்துனாலும் எங்கிட்டத்தான வந்தாகணும்."