பச்சை மைப் பேனாவும் பள்ளிக்கூட நாற்காலியும்

அநியாயம் நடந்தது மேரிபெத் ஆஸ்ட்ராண்டருக்கு. செய்தவன் வேறு யாருமில்லை, அவள் புருஷன் எல்வுட். அவள் உட்காரலாம் என்று நினைத்த நாற்காலியில், அவள் எழுந்துபோய்க் காபி ஊற்றிக்கொண்டு வருவதற்குள், அவன் ஏறி உட்கார்ந்துகொண்டான். அதோடு விட்டானா? அவள் வாயையும் மூடிவைத்தான். இதற்கு ஹெம்லாக் ஃபோர்க்ஸ் ஊரில் என்ன பெயர் தெரியுமா? குடும்ப ஒற்றுமை.

நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒவ்வொரு மே மாதமும் ஒரு செவ்வாய்க்கிழமை, ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குப் போய் இரண்டு விஷயங்களுக்கு ஓட்டுப் போடும். ஒன்று, வருகிற வருஷத்துப் பள்ளிச் செலவுத் திட்டம்: சம்மதமா, இல்லையா? இரண்டு, பள்ளியை நிர்வகிக்கிற போர்டில் காலியான இடங்களுக்கு ஆள். இந்த வருஷம் இரண்டு இடம் காலி. நிற்பதற்கு ஒருவரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? சம்பளம் கிடையாது. கடையில் பால் வாங்கப் போனால் பால் வருவதற்கு முன் திட்டு வரும்.

ஓட்டு நாளுக்குச் சில வாரம் முன்பு ஒரு காலை மேரிபெத், எல்வுடின் தட்டில் நாலாவது அப்பத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எல்வுட், போர்டுல ரெண்டு எடம் காலியாம். ஒண்ணுக்கு நான் நிக்கலாம்னு பாக்குறேன்."

எல்வுடின் முள்கரண்டி வாய்க்கு அரையடி தூரத்தில் நின்றது. மேப்பிள் பாகு சட்டையில் சொட்டியது.

"நீயா? நீ எதுக்கு?"

"செலவுத் திட்டம் தோத்துச்சுன்னா முதல்ல போறது அஞ்சு மணி பஸ்தான். எம்பாட்டுக் குழுப் பிள்ளைங்க எப்படி வீட்டுக்குப் போகும்?"

பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு விடும். அதற்கப்புறம் பாட்டு, நாடகம், பந்து என்று தங்குகிற பிள்ளைகளை மலைமேல் இருக்கிற வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஐந்து மணி பஸ். மேரிபெத் பல வருஷமாகக் கால் காசு வாங்காமல் பாட்டுக் குழு நடத்துகிறாள். அவளிடம் பாடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் மலைக்காரர்கள். பஸ் இல்லாவிட்டால் அவர்கள் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாடுகளுக்குப் பாட்டு பிடிக்குமா என்பதைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

ஆனால் அந்த பஸ்தான் எல்வுடுக்குப் பெரிய ஜென்மப் பகை. "பாதி சீட்டு காலியா ஓடுது! அதுல எரியிறது டீசல் இல்ல, என் வரி!" என்று மாதா மாதம் போர்டு கூட்டத்தில் போய்க் கத்துவான். கத்துவான் என்றால், கத்த ஆரம்பிப்பான். பொதுமக்கள் ஒருவருக்கு மூன்று நிமிடம்தான். பிறகு ஒரு சின்ன மணியை அடித்து உட்கார வைத்துவிடுவார்கள். எல்வுட் எதையும் தன் தாத்தா காலத்திலிருந்து தொடங்குகிற ஆள். தாத்தா கல்யாணம் பண்ணிக்கொள்வதற்குள் மணி அடித்துவிடும். வரி வரைக்கும் அவன் ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை.

"மூணு நிமிஷம்! மூணு நிமிஷத்துல ஒரு மனுஷன் என்னத்தைச் சொல்றது?" என்று வீட்டுக்கு வந்து மீதியைச் சொல்வான். வீட்டில் மணி கிடையாது. அதுதான் மேரிபெத் வாங்கிவந்த வரம்.

ஆக, மனைவி நிற்கப்போகிறேன் என்றதும் எல்வுடுக்கு நெஞ்சு கொதித்தது. மாதா மாதம் தொண்டை கிழியக் கத்தியது அவன், மணியடித்து உட்கார வைத்தது அவனை, நாற்காலி மட்டும் இவளுக்கா? வாயில் இருந்ததை விழுங்கினான். "புல்வெட்டிக்குப் பிளேடு வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினான்.

எல்வுட் புல்வெட்டி மெஷின் பழுதுபார்க்கிறவன். மே மாதத்தில் ஊர் முழுக்கப் புல் முழங்காலுக்கு வளர்ந்திருக்கும். பாதி மெஷின்கள் அவன் கொட்டகையில் கிடக்கும். போர்டுக்கு நிற்க ஊர்க்காரர்களின் கையெழுத்து வேண்டும். மெஷினைக் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் ஒரு தாளை நீட்டினான். கையெழுத்துப் போட்டவருக்கு மெஷின் ரெடி. யோசித்தவருக்கு, "உதிரிப்பாகம் இன்னும் வரலை." இதை ஜனநாயகம் என்று அவன் மனதார நம்பினான்.

சாயங்காலம் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

"மேரிபெத், நான் நிக்கிறேன். பேரைக் குடுத்தாச்சு."

"அதான் நான் காலையில..."

"சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஒரு வீட்டுலேர்ந்து ஒருத்தர்தான் போர்டுல உக்காரலாம். தேர்தல் வேலை பாக்குற மிசஸ் குவாக்கன்புஷ்கிட்டயே மேஜையைத் தட்டிக் கேட்டேன். ஆமான்னுட்டாங்க."

"ஒருத்தர்தான் உக்காரலாம்னா, ஒருத்தர்தான் நிக்கலாமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"அப்படியா," என்றாள் மேரிபெத்.

இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற எந்தப் புருஷனும் அந்த 'அப்படியா'வைக் கேட்டால் கதவுப் பக்கம் நகர்ந்திருப்பான். முப்பது தாண்டியும் எல்வுட் நகரவில்லை. இன்னும் ஒரு படி மேலே போனான்.

"இன்னொண்ணு. அந்த பஸ்ஸைப் பத்தி நீ வெளியில வாயைத் திறக்கக் கூடாது. நான் வேண்டாம்னு சொல்ல, எம்பொண்டாட்டி வேணும்னு சொன்னா, ஊரே சிரிக்கும்."

"திறக்கலை."

"சத்தியமா?"

"ஒரு வார்த்தை பேசமாட்டேன், எல்வுட்."

பாருங்கள். விஷயம் தெரிந்தவள் அவள். பிள்ளைகளின் பெயர் தெரிந்தவள் அவள். ஆனால் பேசக் கூடாதவளும் அவள்! தாத்தாவின் கல்யாணத்தைத் தாண்டாதவன் ஊருக்குப் புத்தி சொல்லலாமாம். சரி, கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். கதை முக்கியம்.

போட்டிக்கு ஆளில்லை. ஓட்டுச் சீட்டில் எல்வுட் பெயர் ஒன்றுதான் அச்சாகியிருந்தது. அதன் கீழே வழக்கம்போல வெற்றுக் கோடு. அச்சடித்த பெயர் பிடிக்காதவர்கள் அங்கே தங்களுக்குப் பிடித்த பெயரைக் கையால் எழுதலாம். ஹெம்லாக் ஃபோர்க்ஸ்காரர்கள் அந்தக் கோட்டில் தங்கள் நாயின் பெயரை எழுதுவது வழக்கம். எல்வுட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருந்தாலும் பெரிய மனுஷத்தனமாக ஜெயிக்க வேண்டாமா? மூடப்போகிற ஒரு கடையிலிருந்து மலிவாக ஒரு பெட்டி பேனா வாங்கி, அதில் 'எல்வுட் ஆஸ்ட்ராண்டர் — வரியை நிறுத்து' என்று அச்சடித்து வாங்கினான். பச்சை மை. மலிவுப் பேனா எல்லாம் செய்வதை இதுவும் செய்தது: ஒழுகியது. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க, குடும்ப ஒற்றுமைக்குச் சாட்சியாக மேரிபெத்தையும் கூட்டிக்கொண்டான். கூடையைத் தூக்க ஆள் வேண்டுமே.

முதல் வீடு, மலையடிவாரத்து டெல்ஃபீன் வ்ரூமன். வாத்து வளர்க்கிறவள். அவள் மகள் மேரிபெத்திடம் பாடுகிறாள். வாசலில் வாத்துக்கள் எல்வுடின் காலணியைக் கொத்த, உள்ளேயிருந்து டெல்ஃபீன் குரல் கொடுத்தாள்.

"யாரு? எல்வுடா? எம்மெஷின் என்னாச்சு?"

"உதிரிப்பாகம் வரணும், டெல்ஃபீன். இப்ப நாட்டு விஷயமா வந்திருக்கேன். எங்க தாத்தா இந்த ஊருக்கு வந்தப்ப..."

"உங்க தாத்தாவை எனக்கு நல்லாத் தெரியும், மாசா மாசம் சொல்றியே. மேரிபெத், நீ சொல்லு. எம்பொண்ணு வர்ற அந்த பஸ்ஸை நிறுத்திடுவாங்களா?"

மேரிபெத் எல்வுடைப் பார்த்தாள். பிறகு டெல்ஃபீனைப் பார்த்தாள். மெல்லச் சொன்னாள்:

"பஸ்ஸைப் பத்தி நான் பேசக் கூடாதுன்னு எல்வுட் சொல்லியிருக்கான்."

டெல்ஃபீனின் வாய் திறந்தது. வாத்துக்கள்கூடக் கத்துவதை நிறுத்தின.

"என்னது? என்ன சொல்லியிருக்கான்?"

"நான் வாக்குக் குடுத்துட்டேன், டெல்ஃபீன். பேனா எடுத்துக்கோ."

"இதை வச்சு நான் என்ன பண்றது?"

"நல்லா எழுதும். கோடு போட்ட எடத்துல ஒரு முழுப் பேரு எழுதிப் பாரேன், தடங்கலில்லாம ஓடும்."

டெல்ஃபீன் பேனாவைப் பார்த்தாள். மேரிபெத்தைப் பார்த்தாள். கூடையிலிருந்து இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டாள்.

"மலைமேல இருக்கிறவங்களுக்கும் குடுத்துடுறேன்," என்றாள்.

திரும்பி வரும்போது எல்வுடுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பார்த்தியா, நீ சும்மா இருந்தாலே போதும். பேனாவைப் பத்தி நீ சொன்னது பிரமாதம். ஒவ்வொரு வீட்டுலயும் அதையே சொல்லு."

சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். தீயணைப்புப் படைக்காரர்கள் போட்ட கோழி விருந்தின் வரிசையிலும் சொன்னாள். யாராவது பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்து, "எல்வுட் பேசக் கூடாதுன்னுட்டான்." அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே அவளைப் பார்த்தது. அப்புறம் எல்வுடைப் பார்த்தது. எல்வுட் எல்லோருக்கும் கையசைத்தான்.

அவள் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு நடந்திருக்காது. பேச்சுக்குப் பதில் சொல்லிவிடலாம். பேசாதே என்று அடக்கிவைத்த ஒருத்திக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

செவ்வாய்க்கிழமை வந்தது. ஓட்டுப் போடுகிற இடத்துக்கு இவ்வளவு தூரத்துக்குள் பிரசாரம் கூடாது என்று மிசஸ் குவாக்கன்புஷ் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு ஒரு அங்குலம் வெளியே, லைலாக் புதர் ஓரம், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தான் எல்வுட். உள்ளே போகிறவர்களுக்கு வணக்கம் வைத்தான். வெளியே வருகிறவர்களின் கையைப் பார்த்தான்.

பச்சை! விரலெல்லாம் பச்சை. கட்டைவிரல் பச்சை. ஒரு கிழவருக்கு மூக்கு நுனிகூடப் பச்சை. மதியம் மேரிபெத் சாண்ட்விச் கொண்டு வந்தபோது எல்வுட் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"பார்த்தியா! எல்லாரும் என் பேனாவாலதான் போடுறாங்க!"

"பார்த்தேன், எல்வுட். எல்லார் கையும் பச்சை."

"இந்த அளவுக்கு இருக்கும்னு நானே நினைக்கலை!"

"நானும்தான்," என்றாள். இது மட்டும் பொய்யாக இருக்கலாம்.

அச்சடித்த பெயருக்கு ஓட்டுப் போட, பக்கத்திலிருக்கிற சின்னக் கட்டத்தில் ஒரு கீறல் போதும். ஒரு கீறலுக்கு மூக்கு நுனிவரை மை ஏறுமா? சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

வெளிச்சம் மங்குவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து எண்ணிவிட்டார்கள். விளையாட்டுக் கூடத்தில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஊர் கூடி நின்றது. மிசஸ் குவாக்கன்புஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"செலவுத் திட்டம்: சம்மதம் ஜாஸ்தி. ஜெயிச்சாச்சு."

மலைக்காரர்கள் கைதட்டினார்கள். எல்வுட் முகம் சுளித்தான். "பரவால்ல, உள்ள போய்ப் பாத்துக்குறேன்," என்று முணுமுணுத்தான்.

"போர்டு. எல்வுட் ஆஸ்ட்ராண்டர், நூத்தி எண்பது."

எல்வுட் எழுந்து நின்று தலை வணங்கினான்.

"கையால எழுதினது. டெல்ஃபீனோட வாத்து, ரெண்டு. தபால்காரர் நாய், ஒண்ணு." அவர் கண்ணாடியை மூக்குக்கு மேலே தள்ளினார். "மேரிபெத் ஆஸ்ட்ராண்டர், ஐநூத்திப் பதினாறு. எல்லாம் பச்சை மையில."

கூரை அதிர்ந்தது. டெல்ஃபீன் விசிலடித்தாள். எல்வுட் தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துப் பார்த்தான். அது அப்போதும் ஒழுகிக்கொண்டிருந்தது. பிறகு அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. இரண்டு இடம் காலி! இரண்டு ஆஸ்ட்ராண்டர்!

"ரெண்டும் நம்ம வீட்டுக்கே!" என்று மேரிபெத்தின் தோளில் கை போட்டான். "பக்கத்துப் பக்கத்துல உக்காருவோம். நான் பேசுறேன், நீ தலையாட்டு!"

"அது முடியாதே," என்றார் மிசஸ் குவாக்கன்புஷ். "ஒரு வீட்டுலேர்ந்து ஒருத்தர்தான் உக்காரலாம். நீங்கதானே என் மேஜையைத் தட்டிச் சொன்னீங்க? என் காபிகூடக் கொட்டிச்சு."

"அப்ப நான்தான்! நான்தானே முதல்ல பேர் குடுத்தேன்!"

"ஓட்டு ஜாஸ்தி வாங்கினவங்க உக்காருவாங்க. இன்னொரு நாற்காலிக்கு போர்டே வேற வீட்டுலேர்ந்து ஆளைப் பாத்துக்கும்."

எல்வுட் மனைவி பக்கம் திரும்பினான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நீ எனக்குச் சத்தியம் பண்ணினே!"

"காப்பாத்தினேனே. பஸ்ஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசினேனா? யாரை வேணா கேளு."

"இது அநியாயம்! மூடின கதவுக்குள்ள நடந்த சதி!"

"ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நீ பக்கத்துலதான் நின்னே, எல்வுட்."

"எம்பேனா! எங்காசு! எங்கூடை!"

"கூடை என்னுது."

அவனுக்கு மூச்சு வாங்கியது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. குரல் திடீரென்று இறங்கிவிட்டது.

"மேரிபெத், நீ விலகிடு. நான் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருக்கு. வரியைப் பத்தி இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்ல. அதையெல்லாம் நான் எங்க போய்ச் சொல்லுவேன்?"

மேரிபெத் அவன் சட்டைப் பையில் படர்ந்திருந்த பச்சைக் கறையைக் கைக்குட்டையால் ஒற்றிவிட்டாள். பிறகு போர்டு உறுப்பினருக்கே உரிய மரியாதையான குரலில் சொன்னாள்:

"கூட்டத்துக்கு வா, எல்வுட். பொதுமக்களுக்கு மூணு நிமிஷம் உண்டு. மணியை நான் அடிக்கிறேன்."