பாலத்துக்கு மூன்று விரல்

இந்த முறை மச்சானை வீட்டுக்குள் விடுவதில்லை என்று துல்லியோ விமான நிலையப் படகுத்துறையில் வைத்து முடிவெடுத்தான். எடுத்த பிறகு மனசு லேசாகி, படகின் பித்தளைக் கைப்பிடியை இன்னொரு தரம் துடைத்தான். ஏற்கெனவே துடைத்ததுதான்.

மச்சான் ருஜ்ஜேரோ, மனைவி ஒர்னெல்லாவின் அண்ணன், மெல்போர்னில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையோடு முடித்துவிடலாம். போன தடவை இரண்டு வாரம் என்று வந்தார். கார்னிவல் திருவிழா முடிந்து, முகமூடிகளெல்லாம் பெட்டிக்குள் போன பிறகுதான் கிளம்பினார். அதுவரை துல்லியோவின் அறையில் இருந்தார்.

அறை என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். கால்வாயைப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கட்டில். துல்லியோவின் பிழைப்பு, விமானத்தில் வந்தவர்களைத் தன் படகில் ஏற்றி, காயலைக் கடந்து, வெனிஸில் அவரவர் ஹோட்டல் படியில் இறக்கிவிடுவது. ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஊர் முழுகப்போகிறதாமே, எப்போது? அவனும் ஒரே பதிலைச் சொல்வான். உங்களை இறக்கிவிட்ட பிறகு. அவர்கள் சிரிப்பார்கள். கூடவே அவனும் சிரிக்க வேண்டும். மாலையில் அந்த நாற்காலியில் சாய்ந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. யாருக்காகவும் சிரிக்க வேண்டியதில்லை. அவனுக்கு இந்த ஊரில் சொந்தமென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். போன தடவை மச்சான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டுத்தொடை பற்றிப் பேசினார். துல்லியோ அடுப்படியில், ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படித் தடுப்ப?" என்று கேட்டான் பெப்பி. துறையில் துல்லியோவுக்கு அடுத்த படகு அவனுடையது.

"நான் தடுக்கல. தண்ணி தடுக்கும்."

துல்லியோவின் வீடு ஒரு முட்டுக்கால்வாயில் இருந்தது. வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சுவர். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வழி, அந்த வழியின் மேல் ஒரு குட்டைப் பாலம். தண்ணீர் ஏறிவிட்டால் படகின் கூரை பாலத்தில் இடிக்கும். மற்ற நாட்களில் தண்ணீர் ஏறினாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆனால் பாதி நிலா நாட்களில் தண்ணீர் பெரிதாக ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. அப்போது பார்த்துத் தென்கிழக்குக் காற்று பிடித்துக்கொண்டால், காயலுக்குள் வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அப்படியே நிற்கும். மச்சான் வருகிற வாரம் பாதி நிலா. காற்று தென்கிழக்கு.

"தண்ணி ஏறறதுக்கு முன்னயே படகை வெளிய கட்டிருவேன். அவங்களை ஏத்திக்கிட்டு பாலத்துக்கிட்ட போவேன். இடிக்குது மச்சான், என்ன பண்றதுன்னு கையை விரிப்பேன். அவர் பொண்டாட்டி கார்மேலா அக்காவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு படி ஏறி இறங்கி நடக்க முடியாது. திருப்பிக் கொண்டுபோய் கரையோரத்து ஹோட்டல்ல இறக்கிவிட்டுருவேன். ரூம் சொல்லி வெச்சாச்சு."

"ஒர்னெல்லா?"

"அவளும் படகிலதான் இருப்பா. கண்ணால பாக்கட்டும். பாலத்தோட சண்டை போட முடியுமா?"

பெப்பி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "மாட்டிக்காத. மாட்டினா உனக்கும் பேரு வெச்சிருவானுங்க."

அது விளையாட்டான விஷயமில்லை. துறையில் ஒரு பெயர் விழுந்தால் எழுந்திருக்காது. பெப்பி ஒரு காலத்தில் ஒரு பிஷப்பை ஏற்றிக்கொண்டு போகையில் நடுக் காயலில் டீசல் தீர்ந்து நின்றான். அன்றிலிருந்து அவன் பெயர் காலி டாங்கி. அந்த பிஷப் செத்துப்போனார். பெயர் உயிரோடு இருக்கிறது. பெப்பியின் மகள் கல்யாணத்தில் பாதிரியாரே ஒரு தடவை வாய் தவறி அப்படித்தான் கூப்பிட்டார்.

அன்று வீட்டில் துல்லியோ சூப்பைக் குடித்துக்கொண்டே ரேடியோவில் தண்ணீர் நிலவரம் கேட்டான். ஏறும் என்றார்கள். இன்னும் சில நாட்களுக்கு நிற்கும் என்றார்கள். அவன் சீட்டியடித்தான்.

ஒர்னெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க, தண்ணி ஏறுதுங்கறான்."

"ஆமா. பாவம் ஊரு."

"வழக்கமா இதைக் கேட்டா மேயரோட அம்மாவை இழுப்பீங்க. இன்னைக்குப் பாட்டு வருது."

"வயசாகுதுல்ல. பக்குவம்."

"ஓ," என்றாள் அவள். ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. துல்லியோ அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

ருஜ்ஜேரோ வந்து இறங்கினார். போன தடவையைவிட ஒரு சுற்று பெருத்திருந்தார். பின்னால் கார்மேலா முழங்காலைத் தடவிக்கொண்டு வந்தாள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு மகன்கள், இருவரும் கதவுக்குள் பக்கவாட்டில் திரும்பி நுழைகிற அளவு. பெட்டிகள் வேறு.

"மாப்ளே!" என்று அவர் கட்டிப்பிடித்ததில் துல்லியோவின் காது ஒருபக்கம் மடங்கியது. "படகு புதுசா?"

"வார்னிஷ் புதுசு, மச்சான்."

"உன்னை மாதிரியே பளபளன்னு இருக்கு. நான்தான் பழசாயிட்டேன்."

காயலைக் கடக்கிற வரை துல்லியோ முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான். இரு பக்கமும் கட்டைத் தூண்கள் தண்ணீரில் பாதி முழுகி நின்றன. அவன் அடிக்கடி அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"என்ன மாப்ளே, உடம்புக்கு முடியலையா?"

"தண்ணியப் பாருங்க மச்சான். எனக்கு ஒண்ணும் சரியாப் படல."

ஒர்னெல்லா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். 

பாலத்துக்கு முன்னால் அவன் வேகத்தைக் குறைத்தான். படகை மெல்ல விட்டு, கூரை கல்லைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினான். கையை நீட்டி அளந்தான். பெட்டிகளும் மச்சான் குடும்பமும் ஏறியதில் படகு எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்திருந்தது. ஆனாலும் கூரை கல்லைவிட மூன்று விரல் உயரமாகவே இருந்தது. மூன்று விரல் போதும். ஒரு மனிதனின் நிம்மதி அந்தக் கனம்தான் இருக்கும்.

"அவ்வளவுதான்," என்றான், சாவு வீட்டில் பேசுகிற குரலில். "போகாது. நான் என்ன பண்ணுவேன் மச்சான்? வீடு அந்தா தெரியுது. போக முடியல. என் நேரம்."

ருஜ்ஜேரோவின் முகம் வாடிவிட்டது. அவர் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். துல்லியோ கண்ணைத் துடைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தான். அதிகமாகிவிடும் என்று விட்டுவிட்டான்.

"டேய் ருஜ்ஜேரோ!" என்று ஒரு குரல் கேட்டது.

பாலத்தை ஒட்டிய கரையில் ஒர்னெல்லாவின் அத்தைகள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். வாண்டா அத்தை, எலீதே அத்தை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இருவரும் அந்தக் குடும்பத்துப் பெண்கள் என்பது தூரத்திலிருந்தே தெரியும். ஊரில் வண்டி இருந்தால் இவர்கள் ஏறினதும் டயரைப் பார்ப்பார்கள். காலடியில் தண்ணீர் பாட்டில் கட்டுகள் அடுக்கியிருந்தன.

"இவங்க எங்க இங்க?" என்றான் துல்லியோ.

"அண்ணனைப் பாக்க வந்திருக்காங்க," என்றாள் ஒர்னெல்லா.

"தண்ணி பாட்டிலோடயா?"

"வீட்ல தீந்துபோச்சு. வாங்கி வரச் சொன்னேன். கொஞ்சம் கரையோரமா விடுங்க."

"இதுக்கு மேல ஆள் ஏத்தினா படகு தாழ்ந்துரும், ஒர்னெல்லா."

"ஆமாங்க," என்றாள் அவள். "நம்ம கல்யாணத்தன்னைக்கு உங்க அப்பா இதே பாலத்துல எங்க மாமாங்களைப் பாரத்துக்கு ஏத்தித்தானே நம்மள உள்ள கொண்டுபோனாரு? நீங்கதான் விருந்துக்கு விருந்து சொல்வீங்களே. மறந்துட்டீங்களா?"

அவன் மறக்கவில்லை. அவள் நினைவு வைத்திருப்பாள் என்பதைத்தான் மறந்திருந்தான்.

வாண்டா அத்தை ஏறினாள். ஒரு விரல் இறங்கியது. எலீதே அத்தை ஏறினாள். இன்னொரு விரல். பாட்டில் கட்டுகளை மகன்கள் வாங்கி உள்ளே அடுக்கினார்கள். "எல்லாரும் நடுவுல வந்து குந்துங்க," என்றாள் ஒர்னெல்லா, வேலை தெரிந்த குரலில். "அண்ணே, நீங்க கூரைக்கு நேர் கீழ. மூச்சை இழுக்காதீங்க."

"மூச்சுக்கும் எடைக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. பேசாம இருப்பீங்கல்ல."

படகு பாலத்துக்கு அடியில் நுழைந்தது. கூரைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கடிதம் போடுகிற இடைவெளி. துல்லியோ தலையைக் குனிந்துகொண்டு, தன் கையாலேயே மச்சானைத் தன் வீட்டுக்குள் ஓட்டிப் போனான். அந்தப் பக்கம் வெளிவந்ததும் அத்தைகள் கை தட்டினார்கள். அத்தனை வருஷப் பிழைப்பில் அவ்வளவு சுத்தமாக அவன் எந்தப் பாலத்தையும் கடந்ததில்லை.

வீட்டுப் படியில் எல்லோரும் இறங்கினார்கள். பெட்டிகள் இறங்கின. பாட்டில்கள் இறங்கின. துல்லியோ கயிற்றைக் கட்டக் குனிந்தான். வந்து நின்றபோது படிக்குக் கீழே இருந்த படகின் விளிம்பு இப்போது படிக்கு மேலே இருந்தது. பாரம் போனதும் படகு நிம்மதியாக எழுந்து நின்றுவிட்டது.

அவன் திரும்பிப் பாலத்தைப் பார்த்தான். பிறகு படகைப் பார்த்தான். பிறகு படியில் உட்கார்ந்தான்.

மறுநாள் காலை முதல் விமானத்துக்கு ஒரு ஹோட்டலிலிருந்து ஆளேற்ற வேண்டும். தண்ணீர் சில நாட்களுக்கு இறங்காது. அப்படிக் கணக்குப் போட்டதே அவன்தான். பெப்பியிடம் சவாரியைத் தள்ளிவிடலாம். ஏன் என்று பெப்பி கேட்பான். தன் படகைத் தன் கால்வாய்க்குள்ளேயே பூட்டிக்கொண்ட படகோட்டி. அந்தப் பெயர் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மேலே போனபோது மச்சான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. நாற்காலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காத. போன தடவை உன் அறையை எடுத்துக்கிட்டோம். ஊருக்குப் போன பிறகு கார்மேலா சொல்லிச் சொல்லிக் காட்டுவா. இந்தத் தடவை நாங்க ஹோட்டல்லயே தங்கிடறோம். பசங்க பெட்டியைத் தூக்கிக்குவானுங்க."

துல்லியோவின் நெஞ்சில் ஒரு விளக்கு எரிந்தது. "அப்படியா மச்சான்? உங்க இஷ்டம். கால் வலியோட அக்கா நடக்க வேண்டாம். நானே படகில கொண்டுவிடறேன்." அவன் அடுப்படிக்கு ஓடினான். "அத்தை, நீங்களும் வாங்க, பாட்டிலை எல்லாம் எடுங்க, இப்பவே..."

வாண்டா அத்தை அடுப்படி மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "எதுக்கு?"

"பாலம் தாண்டணுமில்ல அத்தை."

"வீட்டுப் பிள்ளையை வெளிய தள்ளறதுக்கு நான் பாரமா உட்காரணுமா? என் எடை, என் இஷ்டம்."

"என்னுதும்," என்றாள் எலீதே அத்தை. "ருஜ்ஜேரோ இங்கேயே தங்கினா நாங்க காலையில வந்து படகில உட்காருவோம். இல்லேன்னா படகு அங்கேயே கெடக்கட்டும். பூச்செடி வெக்கலாம்."

துல்லியோ மனைவியைப் பார்த்தான். ஒர்னெல்லா அடுப்படி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்வாய்க்குக் குறுக்கே எதிர்வீட்டுக்காரியின் படுக்கை விரிப்புகள், ஈரக்காற்றில் நாள்கணக்காகக் காயாமல் தொங்கியவை, அசைய ஆரம்பித்திருந்தன.

"அண்ணன் ரோஷக்காரர்ங்க," என்றாள் திரும்பாமல். "நான் சொன்னா இருக்க மாட்டாரு. நீங்க உங்க வாயால கேட்டாத்தான் உண்டு."

"நீ சொல்லேன்."

"நான் பாலத்துக்கு அந்தப் பக்கமே என் வேலையை முடிச்சுட்டேன்."

துல்லியோ அறைக்குள் போனான். நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டான். விற்கப்போகிற குதிரையின் கழுத்தில் கை வைப்பதுபோல இருந்தது.

"மச்சான், ஹோட்டல் வேண்டாம். இங்கேயே இருங்க."

"வேண்டாம் மாப்ளே, உனக்குச் சிரமம்."

"சிரமமே இல்ல."

"மனசாரத்தான் சொல்றியா?"

"மனசார." அவன் நாற்காலியைச் சற்று முன்னால் தள்ளினான். "இந்த அறையில, இந்த நாற்காலியில நீங்க உட்கார்ந்தாத்தான் வீடு வீடா இருக்கு. போகாதீங்க மச்சான். கெஞ்சிக் கேக்கறேன்."

ருஜ்ஜேரோவின் கண்கள் நிரம்பின. அவர் கைக்குட்டையை எடுத்தார், அது போதாமல் மேசைத் துணியை எடுத்தார். "கார்மேலா, கேட்டியா? இத்தனை வருஷத்துல மாப்ள இருன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. இன்னைக்குக் கெஞ்சறாருடி. இதுக்கப்புறம் சட்டுனு கிளம்பினா நான் மனுஷனா? கார்னிவல் முடியற வரைக்கும் இருக்கோம் மாப்ளே. வாக்கு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒரு சத்தம் போட்டது. மகன்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். அத்தைகள் வெங்காயத்தை எண்ணெயில் போட்டார்கள்.

துல்லியோ ஜன்னலுக்குப் போய் மனைவியின் பக்கத்தில் நின்றான். குளிர் சுருக்கென்று முகத்தில் அடித்தது. எதிர்வீட்டு விரிப்புகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. எல்லாம் மறுபக்கமாக, கடலைப் பார்த்து. வாடைக்காற்று, காயல் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளுகிற காற்று. கீழே சுவரில், தண்ணீர் நின்ற இடத்துக்குக் கீழே, ஒரு சாண் அகலத்துக்குப் புதிய ஈரக்கோடு தெரிந்தது. பாலத்துக்கு அடியிலும் அதே ஒரு சாண் கூடியிருந்தது, காலிப் படகே தாராளமாகப் போகும்.

"எப்ப மாறிச்சு?" என்றான்.

"நீங்க படியில உட்கார்ந்திருந்தப்பவேங்க," என்றாள் ஒர்னெல்லா. "சொல்லலாம்னுதான் பாத்தேன். அதுக்குள்ள நீங்க கெஞ்ச ஆரம்பிச்சுட்டீங்க. நல்லா வந்துக்கிட்டிருந்துது, நடுவுல கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."